35 டயருக்கு மட்கார்டு: எந்த அகலம் எடுப்பது, எப்படிப் பொருத்துவது?

ஈரச்சாலை:
எல்லோருக்கும் வணக்கம். தினமும் வேலைக்கு சைக்கிளில்தான் போய் வருகிறேன். மழை பெய்யும்போது நனைவது பற்றி எனக்குப் புகார் இல்லை, ரெயின்கோட் இருக்கிறது. மழை நின்ற பிறகு ரோட்டில் தேங்கிய தண்ணீர்தான் பிரச்சினை. முதுகில் கழுத்து வரைக்கும் ஒரு சேற்றுக்கோடு, ஷூவுக்குள் சொதசொதவென்று தண்ணீர், செயினில் மணல்.

சைக்கிள் விவரம்: 700சி சக்கரம், டயரில் 35 என்று போட்டிருக்கிறது, முன்னும் பின்னும் டிஸ்க் பிரேக். முன் சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கிலும் பின்பக்கமும் மட்கார்டு கம்பிக்கான துளைகள் இருக்கின்றன. 45 மில்லிமீட்டர் அகலம் போதுமா, 50 வேண்டுமா? பிளாஸ்டிக்கா, அலுமினியமா? சீட் போஸ்டில் மாட்டும் கிளிப் வகையே போதும் என்று ஒரு நண்பர் சொல்கிறார். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

தினசரி மிதி:
கிளிப் வகையை இரண்டு மழைக்காலம் ஓட்டிப் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன். சீட் போஸ்டில் மாட்டுவது முதுகைக் காப்பாற்றும், அவ்வளவுதான். உங்கள் கால் நனைவது பின் சக்கரத்தால் அல்ல, முன் சக்கரத்தால். அதற்கும் சீட்டுக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக்குக்கும் சம்பந்தமே இல்லை. துளைகள் உள்ள சைக்கிளை வைத்துக்கொண்டு கிளிப் வகைக்குப் போகாதீர்கள். முழு மட்கார்டு போடுங்கள்.

பழைய ஸ்பேனர்:
தம்பி, முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். டயரில் எழுதியிருப்பதை நம்பாமல், முழுக் காற்று அடித்துவிட்டு வெர்னியர் காலிப்பரால் அகலத்தை அளந்து பாருங்கள். ரிம் அகலமாக இருந்தால் 35 என்று போட்ட டயர் 37, 38 வரை விரியும். அந்த அளவோடு 10 மில்லிமீட்டராவது கூட்டிக்கொள்ளுங்கள். பக்கத்துக்கு 5 மில்லிமீட்டர் மட்கார்டு வெளியே நிற்க வேண்டும். அதற்குக் குறைந்தால் தண்ணீர் ஓரம் வழியாகப் பீய்ச்சும்.

அப்புறம் ஃபோர்க்கின் இரண்டு கால்களுக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது, பின்னால் பாட்டம் பிராக்கெட்டை, அதாவது பெடல் அச்சு சுழலும் இடத்தை, ஒட்டிய பகுதியில் இரண்டு குழாய்களுக்கும் நடுவே எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். 50 மட்கார்டு வாங்கி, பின்னால் 48 தான் இடம் என்றால் வாங்கியது வீண்.

அகலம் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் நீளம்தான் அதைவிட முக்கியம். டயரை விட்டுப் பிரியும் துளி தொடுகோட்டுத் திசையில் போகும். முன் சக்கரத்தின் பின்பக்கம், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் கிளம்பும் துளி நேராக உங்கள் பாதத்துக்கும் செயினுக்கும் பாட்டம் பிராக்கெட்டுக்கும் வரும். கடையில் வரும் முன் மட்கார்டு பெரும்பாலும் அந்த உயரத்துக்கு மேலேயே முடிந்துவிடுகிறது. அதனால் கீழே ஒரு ரப்பர் நாக்கு கட்ட வேண்டும். தரைக்கு மேல் நாலு விரல் அகலம் விட்டால் போதும். இந்த நாக்கு இல்லாமல் எந்த விலை மட்கார்டு போட்டாலும் ஷூ நனையும்.

முன்பக்க முனைக்கும் ஒரு கணக்கு உண்டு. நீங்கள் மணிக்கு 20 கிலோமீட்டரில் போனால் டயரின் உச்சி 40 கிலோமீட்டரில் முன்னால் போகிறது. முன் மட்கார்டு ஃபோர்க்குக்கு முன்னால் குட்டையாக நின்றால், அங்கே கிளம்பும் துளி முன்னாலும் மேலேயும் போய், காற்றில் வேகம் குறைந்து நிற்கும். நீங்கள் போய் அதில் முகத்தைக் கொடுப்பீர்கள். கண்ணில் மண் விழுவது இப்படித்தான்.

வேகக்கால்:
நான் மாற்றுக் கருத்து சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். என்னோடு ஓட்டும் ஒருவருடைய முன் மட்கார்டில் ஒரு குச்சி சிக்கியது. குச்சி சக்கரக் கம்பிகளோடு சுற்றி வந்து மட்கார்டு கம்பியை இழுத்தது, மட்கார்டு மடங்கி டயருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே சுருண்டு சக்கரம் பூட்டிக்கொண்டது. ஹேண்டில்பாருக்கு மேலாகப் போய் விழுந்தார். தோள்பட்டை எலும்பு முறிந்தது. நான் பின்னால் வந்துகொண்டிருந்தேன், இன்னும் அந்தச் சத்தம் காதில் இருக்கிறது. அன்றிலிருந்து முன்னால் முழு மட்கார்டு போடுவதில்லை. மழைக்காலத்தில் ரப்பர் பட்டையால் கட்டும் வகைதான்.

தவிர, என் சைக்கிள் ரேஸ் வகை. ரிம் பிரேக்கின் கீழே 25 டயருக்கே இடம் நெருக்கடி. எல்லோருக்கும் முழு மட்கார்டு என்று சொல்லிவிட முடியாது.

பழைய ஸ்பேனர்:
கோபம் எதற்கு? இந்த இழையில் இதுவரை வந்ததிலேயே முக்கியமான விஷயத்தைச் சொல்லியிருக்கிறீர்கள். நண்பருக்கு நேர்ந்தது கொடுமை. அவர் நன்றாகத் தேறியிருப்பார் என்று நம்புகிறேன்.

அந்த ஆபத்து உண்மைதான். அதற்காகவே முன் மட்கார்டுக் கம்பியின் முனையில் விடுபடும் கிளிப் வைக்கிறார்கள். எஸ்கேஎஸ் நிறுவனம் செக்யூ-கிளிப் என்ற பெயரில் தருகிறது. ஃபோர்க்கின் துளையில் ஒரு பிளாஸ்டிக் கவ்வி, அதற்குள் கம்பி அழுந்தி உட்காரும். குச்சி சிக்கி இழுத்தால் கம்பி கழன்றுவிடும், மட்கார்டு மடங்கிச் சுருளாது. முன் மட்கார்டு வாங்கும்போது இந்தக் கிளிப் இருக்கிறதா என்று பார்த்துதான் வாங்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். சிலர் அசைகிறது என்று அதை எடுத்துவிட்டு நேராக போல்ட் போடுகிறார்கள். செய்யாதீர்கள்.

இரண்டாவது, இடைவெளி. டயரின் முகத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே 10 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. ஜல்லி ரோடு என்றால் 15. எல்லா இடத்திலும் சமமாக இருப்பது நல்லது. சமமாக வராவிட்டால் எந்தப் பக்கம் நெருக்கமாக இருக்கலாம் என்பதற்கும் ஒரு நியாயம் இருக்கிறது. முன் சக்கரத்தில் டயர் மட்கார்டுக்குள் நுழைவது பின்னால், கீழ் முனையில். வெளியேறுவது முன் முனையில். நுழையும் இடம் அகலமாகவும் உள்ளே போகப் போகக் குறுகலாகவும் இருந்தால் கல் ஆப்பு மாதிரி இறுகும். நுழையும் இடம் நெருக்கமாக இருந்து மேலே விரிந்தால், உள்ளே வந்த கல் தானாக வெளியே போய்விடும்.

உங்கள் ரேஸ் சைக்கிளைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி. பிரேக் போல்ட்டிலிருந்து ரிம் வரை 39 முதல் 49 மில்லிமீட்டர் எட்டும் குட்டை பிரேக்கில் முழு மட்கார்டுக்கு இடமே இருக்காது. 47 முதல் 57 எட்டும் பிரேக் உள்ள ஃபிரேமில்தான் 28 டயரோடு மட்கார்டும் உட்காரும். உங்களுக்குக் கட்டும் வகைதான் பொருத்தம். கேள்வி கேட்ட தம்பியின் சைக்கிள் வேறு ரகம்.

தகடு:
பிளாஸ்டிக்கா அலுமினியமா என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். ஹோன்ஜோ என்ற ஜப்பான் நிறுவனத்தின் அலுமினிய மட்கார்டு ஒன்றை வைத்திருக்கிறேன், பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கும். ஓரம் உள்பக்கமாகச் சுருட்டி விட்டிருப்பதால் தண்ணீர் ஓரத்தில் சொட்டாமல் உள்ளேயே வழிந்து கீழே போகும். நல்ல விறைப்பு, நேராகப் பொருத்தினால் ஆடவே ஆடாது.

ஆனால் துளைகளை நீங்களேதான் போட வேண்டும். தவறான இடத்தில் ஒரு துளை விழுந்தால் திரும்பப் பெற முடியாது. முதல் முறை நான் பின் மட்கார்டை இழுத்துப் பிடித்து போல்ட் போட்டேன். அந்த இழுவிசையோடு அது அதிர்ந்து அதிர்ந்து பிராக்கெட் அருகே கீறல் விட்டது. கீறலின் நுனியில் சின்னதாக ஒரு துளை போட்டு, உள்ளே ஒரு தகட்டுத் துண்டு வைத்து ரிவெட் அடித்து இன்னும் ஓட்டுகிறேன்.

எஸ்கேஎஸ்ஸின் குரோமோபிளாஸ்டிக் வகையில் பிளாஸ்டிக்குக்கு நடுவே அலுமினியத் தகடு வைத்திருப்பார்கள். வளைத்தாலும் உடையாது, சத்தமும் குறைவு, பிராக்கெட்டுகள் ஏற்கெனவே ரிவெட் அடித்து வரும். முதல் முறை பொருத்துகிறவருக்கு அதைத்தான் சொல்வேன். வெறும் பிளாஸ்டிக்கில் வருவது வெயிலில் நின்று நின்று வறண்டு, ஒரு நாள் காலில் இடித்தால் பொடிப் பொடியாகிவிடும்.

ஈரச்சாலை:
எல்லோருக்கும் நன்றி. அளந்து பார்த்தேன். 35 என்று போட்ட டயர் 37.5 இருக்கிறது! ஃபோர்க் கால்களுக்கு நடுவே 62, பின்னால் குறுகலான இடத்தில் 54. ஆக 50 அகலம், தகடு வைத்த பிளாஸ்டிக், முன்னால் விடுபடும் கிளிப் உள்ளது என்று முடிவு செய்துவிட்டேன். வந்ததும் எழுதுகிறேன்.

மலைப்பாதை:
இடையில் ஒரு கேள்வி. என் சைக்கிளில் முன்னால் சஸ்பென்ஷன் ஃபோர்க். இதே மாதிரி முழு மட்கார்டு போட முடியுமா?

தினசரி மிதி:
மட்கார்டு சக்கரத்தோடு சேர்ந்து ஏறி இறங்க வேண்டும். அதாவது ஃபோர்க்கின் கீழ்க்கால்களில் மட்டும்தான் பிடிக்க வேண்டும். மேலே ஒரு போல்ட், கீழே ஒரு போல்ட் என்று போட்டால் முதல் பள்ளத்திலேயே போய்விடும். கீழ்க்காலில் துளை இல்லாவிட்டால், இரண்டு கால்களையும் இணைக்கும் வளைவில் கட்டும் வகைதான் வழி.

ஈரச்சாலை:
வந்துவிட்டது, நேற்று முழு நாளும் அதோடுதான் போனது. பாதி வெற்றி. மூன்று இடத்தில் மாட்டிக்கொண்டேன்.

ஒன்று, முன்னால் இடது பக்கம் டிஸ்க் பிரேக்கின் காலிப்பர் (டிஸ்க்கைக் கவ்வும் பாகம்) சரியாகக் கம்பியின் வழியில் நிற்கிறது. இரண்டு, பின்னால் பாட்டம் பிராக்கெட் பக்கத்துக் குறுக்குக் குழாயில் துளை இருக்கிறது, ஆனால் மட்கார்டு அதை எட்டவில்லை, 25 மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறது. இழுத்து போல்ட் போட்டால் மேலே டயரில் உரசுகிறது. மூன்று, ஓட்டும்போது கடகடவென்று சத்தம்.

பழைய ஸ்பேனர்:
மூன்றும் ஒரே நோயின் மூன்று முகம். மட்கார்டை வலிந்து இழுத்து உட்கார வைக்கிறீர்கள். பேசாமல் எல்லா போல்ட்டையும் தளர்த்திவிட்டு முதலிலிருந்து ஆரம்பியுங்கள். போல்ட் எதற்கு? மட்கார்டு தானாக நிற்கும் இடத்தில் அதைப் பிடித்து வைக்க. அதை அங்கே இழுத்து வர அல்ல.

நான் செய்யும் முறை இது. தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் ஹோஸ் பழையது ஒன்று எடுங்கள், 12 மில்லிமீட்டர் தடிமன் இருந்தால் சரி. விரல் நீளத்துக்கு மூன்று துண்டு வெட்டி, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே மூன்று இடத்தில் குறுக்காக வையுங்கள். மட்கார்டை மெல்ல அழுத்தி அந்தத் துண்டுகளின் மேல் உட்கார விடுங்கள். இப்போது அது எங்கே நிற்கிறதோ அதுதான் அதன் இடம். அந்த நிலையில், குறுக்குக் குழாய்க்கு எட்டாத 25 மில்லிமீட்டரை நிரப்ப ஒரு ஸ்பேசர் போடுங்கள். அலுமினியக் குழாய்த் துண்டு போதும், கெட்டியான நைலான் என்றாலும் சரி. நீளமான எம்5 போல்ட், அதாவது 5 மில்லிமீட்டர் தடிமன் போல்ட், ஒன்று வேண்டும். கம்பிகளை விரல் பிடியில் இறுக்கி, ஹோஸ் துண்டுகளை உருவிவிட்டு, சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, கடைசியில்தான் ஸ்பேனர்.

காலிப்பருக்கு: கம்பியை ஃபோர்க்கிலிருந்து 10 அல்லது 15 மில்லிமீட்டர் வெளியே தள்ள ஒரு ஸ்பேசரும் நீள போல்ட்டும். அதிலும் இடிக்கிறது என்றால் கம்பியைக் காலிப்பருக்கு மேலே லேசாக வளைத்துக்கொள்ளலாம். வளைக்கும்போது மட்கார்டிலிருந்து கழற்றி, வைஸில் பிடித்து வளையுங்கள். மாட்டியபடியே வளைத்தால் பிளாஸ்டிக் பிடி உடைந்துவிடும். பிரேக் கேபிளும் கம்பியும் தொட்டுக்கொண்டால் கேபிளின் உறை தேயும், அதையும் பாருங்கள்.

தகடு:
சத்தம் பற்றி ஒன்று சேர்க்கிறேன். நின்ற இடத்தில் முன் சக்கரத்தைக் கையால் தூக்கி ஒரு அங்குல உயரத்திலிருந்து போடுங்கள். கடகட என்று கேட்கும். இப்போது மட்கார்டின் ஒவ்வொரு பிடியிலும் விரலை அழுத்திக்கொண்டு திரும்பப் போடுங்கள். எங்கே விரல் வைத்தால் சத்தம் நிற்கிறதோ அங்கேதான் கோளாறு. எனக்கு அது எப்போதும் ஃபோர்க்கின் தலையில் இருக்கும் எல் வடிவ பிராக்கெட்டாகத்தான் இருக்கும். அந்த இடத்தில் இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே பழைய பெல்ட்டிலிருந்து வெட்டிய தோல் வாஷர் ஒன்று போட்டேன், அப்புறம் சத்தமே இல்லை.

நாக்கு கட்டும்போது போல்ட்டின் வழவழப்பான தலை டயர் பக்கம், நட் வெளிப்பக்கம். மாற்றிப் போட்டால் இடைவெளி குறைந்த இடத்தில் போல்ட் நுனி டயரை அறுத்துவிடும்.

தினசரி மிதி:
கம்பியின் மிச்ச நீளத்தை வெட்டாமல் விடாதீர்கள். என் கெண்டைக்காலில் இன்னும் அதன் தழும்பு இருக்கிறது. எங்கே வெட்ட வேண்டுமோ அங்கே டேப் ஒட்டி, கழற்றி, ஆக்ஸா பிளேடால் அறுத்து, அரத்தால் முனையை மழுக்கி, மேலே பிளாஸ்டிக் மூடியைப் போடுங்கள்.

இன்னொன்று. பெடலை முன்னால் கிடைமட்டமாக வைத்து, ஷூ போட்ட காலை அதில் வைத்து ஹேண்டில்பாரைத் திருப்பிப் பாருங்கள். சின்ன ஃபிரேமில் மட்கார்டு போட்டதும் ஷூ நுனி இடிக்க ஆரம்பிக்கும். வேகமாகப் போகும்போது அவ்வளவு திருப்ப மாட்டோம், மெதுவாக யூ திருப்பம் போடும்போதுதான் இடிக்கும். இடிக்கிறது என்று தெரிந்திருந்தால் போதும், தெரியாமல் இடித்தால் தடுமாறி விழுவோம்.

சுற்றுவட்டம்:
நானும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். என்னிடம் இருப்பது ராட் பிரேக் உள்ள பழைய பெரிய சைக்கிள். 28 அங்குலம். புது மட்கார்டிலும் 28 என்றுதான் போட்டிருக்கிறது. வாங்கலாமா?

பழைய ஸ்பேனர்:
டயரின் பக்கவாட்டில் நடுவே கோடு போட்டு ஒரு ஜோடி எண் இருக்கும், அதில் இரண்டாவது எண்ணைப் பாருங்கள், அதுதான் டயர் உட்காரும் ரிம்மின் விட்டம், மில்லிமீட்டரில். உங்களுடையது 635 ஆக இருக்கும். இப்போது 28 என்று விற்பது பெரும்பாலும் 622, அதுதான் 700சி. ஆரத்தில் ஆறரை மில்லிமீட்டர் வித்தியாசம். பிளாஸ்டிக் மட்கார்டு என்றால் கம்பியைச் சற்று வெளியே விட்டுச் சமாளித்துவிடலாம். இரும்பு மட்கார்டு வளைந்து கொடுக்காது, 635க்கு என்றே செய்ததை வாங்குங்கள். பழைய இரும்பு மட்கார்டு இன்னும் இருந்தால் உள்பக்கம் ஓரச் சுருட்டலைச் சுரண்டிப் பாருங்கள், துரு அங்கே சேற்றுக்கு அடியில்தான் தொடங்கும்.

ஈரச்சாலை:
ஹோஸ் துண்டு வைத்துப் பொருத்தினேன். அது வரைக்கும் ஒரு முழு நாள் போராடியது நாற்பது நிமிடத்தில் முடிந்தது. மட்கார்டும் டயரும் ஒரே வளைவில் போவதை முதல் தடவையாகப் பார்த்தேன், உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஸ்பேசருக்கு 25 மில்லிமீட்டர் அலுமினியக் குழாய் அறுத்தேன். டிஸ்க் பக்கம் 12 மில்லிமீட்டர் ஸ்பேசர் போட்டதும் கம்பி காலிப்பரைத் தொடவில்லை. சத்தத்துக்கு விரல் வைத்துப் பார்க்கும் முறை அப்படியே வேலை செய்தது. ஃபோர்க் தலையில்தான் இருந்தது.

நாக்குக்கு முதலில் பழைய டியூபை வெட்டிக் கட்டினேன். நின்றபடி பார்த்தால் நன்றாக இருந்தது. ஓட்டினால் காற்றில் பின்னால் பறந்து மடங்குகிறது, தண்ணீர் அடியில் புகுந்து வந்துவிட்டது. அப்புறம் தடித்த ரப்பர் மேட்டிலிருந்து வெட்டினேன். மேலே மட்கார்டு அகலம், கீழே இரண்டு பக்கமும் ஒரு விரல் அதிகம்.

இன்று காலை மழை விட்ட பிறகு போனேன். முதுகு காய்ந்திருந்தது, அதை எதிர்பார்த்தேன். ஷூவைக் கழற்றியபோது சாக்ஸ் காய்ந்திருந்தது! செயினைத் துணியால் துடைத்தால் எண்ணெய்க் கறை மட்டும், மணல் இல்லை.

வேகக்கால்:
வாழ்த்துகள். அந்த விடுபடும் கிளிப் உண்மையில் விடுபடுகிறதா என்று கையால் இழுத்துப் பார்த்தீர்களா? எனக்காக ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

ஈரச்சாலை:
இப்போதுதான் பார்த்தேன். இடது பக்கம் ஓங்கி இழுத்ததும் டக்கென்று கழன்றது. வலது பக்கம் கழலவில்லை. கம்பியைக் கிளிப்புக்குள் அதிகமாக இறுக்கியிருக்கிறேன் போல, பிளாஸ்டிக் பிதுங்கி நிற்கிறது. நல்ல வேளை கேட்டீர்கள். தளர்த்தி, திரும்ப உட்கார வைத்ததும் கழல்கிறது.

பழைய ஸ்பேனர்:
இப்படிக் கேட்பதற்குத்தான் நாலு பேர் வேண்டும் என்பது. ஒரு வாரம் ஓட்டிவிட்டு எல்லா எம்5 போல்ட்டையும் ஒருமுறை ஆலன் கீ வைத்துப் பாருங்கள். புதிதாகப் போட்ட பிளாஸ்டிக் பிடிகள் கொஞ்சம் அமுங்கும், போல்ட் தளரும். ஃபிரேமில் நேராக மரை ஏறும் போல்ட்டுகளுக்கு நீல நிற திரெட் லாக்கர் (மரை தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு விடுங்கள். சிவப்பு வேண்டாம், பிறகு கழற்ற முடியாது.

ஈரச்சாலை:
ஒரு வாரம் ஆகிவிட்டது. பின்னால் இடது பக்க போல்ட் அரைச் சுற்று தளர்ந்திருந்தது, மற்றவை அப்படியே இருக்கின்றன. நீலம் வாங்கி வந்து ஒவ்வொன்றுக்கும் ஒரு சொட்டு விட்டிருக்கிறேன். இனி அடுத்த மழைக்குப் பிறகு பார்த்து எழுதுகிறேன்.